உயர்த்திய வண்டியும் உதறும் சக்கரமும்

நெகிரி செம்பிலானில், பகாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களின் மழைக்காலச் சாலையைப் பார்த்தவர்களுக்கு அங்கே வண்டிகளை ஏன் உயர்த்துகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், விலை இறங்கும். ஆகவே மழை கொட்டினாலும் டிராக்டர் நிற்காது. குலை ஏற்றிய டிரெய்லர் செம்மண்ணில் ஆழமாகத் தடம் வெட்டிக்கொண்டே போகும். இரண்டு தடங்களுக்கும் நடுவில் ஒரு மேடு எழும். இரண்டு நாள் வெயில் அடித்தால் அந்த மேடு கல்லாக இறுகிவிடும். அடுத்து அந்த வழியாக வருகிற சின்ன வண்டியின் வயிறு அதில் போய் உட்காரும்.

சுஸுகிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 1980களில் வந்த பழைய எஸ்ஜே410 வண்டியின் இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் 1.2 மீட்டரை ஒட்டியது. டிராக்டரின் தடம் அதைவிட அகலம். ஒரு சக்கரம் பள்ளத்திலும் மறு சக்கரம் மேட்டிலுமாக, சாய்ந்துகொண்டேதான் போக வேண்டும்.

'வண்டியைக் கொஞ்சம் தூக்கிவிடலாமே' என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. பட்டறையில் ஒரு நாள் வேலை. நீளமான ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர், பெரிய டயர். தோட்டத்துக்குள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ராஜா மாதிரி போகும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சிரம்பானுக்கு இறங்கும்போதுதான் விஷயம் தெரியும். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டரைத் தொட்டதும், பாலத்து இணைப்பில் முன்சக்கரம் லேசாகத் தட்டும். அடுத்த நொடி ஸ்டியரிங் இடமும் வலமுமாகக் கையைப் பிய்த்துக்கொண்டு ஆடும். முன்பக்கமே கழன்று விழப்போகிறது போல் இருக்கும். பிடியை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. வேகத்தை நன்றாகக் குறைத்த பிறகுதான் அடங்கும். அமெரிக்க ஜீப் ஓட்டிகள் இதற்கு 'டெத் வாபிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் உதறல் என்போம்.

இந்த உதறலைப் புரிந்துகொள்வதற்கு முன், வண்டியை உயர்த்தினால் எது உயர்கிறது என்று பார்த்துவிடுவோம். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் சுஸுகி ஜிம்னியிலும் முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டான ஆக்ஸில் இருக்கிறது. அதன் நடுவிலோ ஓர் ஓரத்திலோ உருண்டையாகத் தொங்குவது டிஃபெரென்ஷியல். தோட்டத்து மேட்டில் முதலில் இடிப்பது அதுதான். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிறது. ஸ்பிரிங்கை 50 மில்லிமீட்டர் நீட்டினால் சேசிஸும் உடலும் 50 மில்லிமீட்டர் மேலே போகும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும், டிஃபெரென்ஷியலும் அப்படியே. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். டயரின் விட்டம் 50 மில்லிமீட்டர் கூடினால் டிஃபெரென்ஷியல் 25 மில்லிமீட்டர் ஏறும். ஸ்பிரிங்கை நீட்டுவதால் கிடைப்பது வேறு மூன்று: சேசிஸும் கியர்பாக்ஸும் தரையை விட்டு விலகும், பெரிய டயருக்கு மட்கார்டுக்குள் இடம் கிடைக்கும், பள்ளத்தில் இறங்கும்போது முன் பம்பர் மண்ணைக் கொத்தாது. மூன்றும் பயனுள்ளவைதான். ஆனால் நடு மேட்டில் டிஃபெரென்ஷியல் இடிக்கிறது என்று சொல்லி ஸ்பிரிங்குக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

சக்கர உதறல் புதிய நோய் இல்லை. 1920களில் கார் செய்தவர்களுக்கு அது ஒரு பெரும் தலைவலியாக இருந்தது. காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கர பிரேக்கும் அந்தப் பத்தாண்டில்தான் பரவின. இரண்டும் வந்ததும் நல்ல சாலையில்கூட முன்சக்கரங்கள் உதறத் தொடங்கின. 1925-இல் ஜார்ஜ் ப்ரூலியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காரணத்தைத் தேடும்போது டயரின் மேல் கண் வைத்தார். உருளும் ரப்பர் டயர், தான் பார்த்திருக்கும் திசையிலேயே அச்சுப்பிசகாமல் போவதில்லை, பக்கவாட்டில் சற்று வழுக்கிக்கொண்டே போகிறது என்பதை அவர் காட்டினார். பிறகு விமானக்காரர்களுக்கும் இதே வினை வந்தது. ஓடுதளத்தில் மூக்குச் சக்கரம் உதறி ஒடியும். சோவியத் கணிதவியலாளர் மஸ்திஸ்லாவ் கெல்டிஷ் 1945-இல் அதற்கென்றே ஓர் ஆய்வை வெளியிட்டார். டயர் இயக்கவியலில் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயரான ஹான்ஸ் பாசேய்கா, 1966-இல் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியதும் சக்கர உதறலைப் பற்றிய ஆய்வுக்குத்தான்.

கார் கம்பெனிகள் ஒரு கட்டத்தில் வேறு வழியில் தப்பித்துக்கொண்டன. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன மோரிஸ் ஓலி, சவாரி மெத்தென்று இருக்க முன் ஸ்பிரிங்கை மென்மையாக்கப் பார்த்தார். மென்மையாக்க மென்மையாக்க உதறல் கூடியது. ஒரே துண்டு ஆக்ஸிலையே தூக்கிப் போட்டுவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகத் தொங்கவிட்டால்தான் தீரும் என்ற முடிவுக்கு அவரும் தோழர்களும் வந்தார்கள். கேடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் 1934-ஆம் ஆண்டுக் கார்கள் அப்படித்தான் வந்தன. இன்று உங்கள் வீட்டு மைவி காரில் உதறல் வராததற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

காட்டு வண்டிகள் அந்த வழிக்குப் போகவில்லை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் ஒரே துண்டு ஆக்ஸிலோடுதான் வெளிவந்தது. ஒரே துண்டு ஆக்ஸில் பலமானது, எளிமையானது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மறு சக்கரத்தைத் தரையில் அழுத்தும். 2016-இல் உற்பத்தி நிற்கும்வரை பழைய டிஃபெண்டர் அதை விடவில்லை. 2018-இல் வந்த புதிய ஜிம்னியும் விடவில்லை. தோட்டத்துக்குத் தோதான அந்தப் பலத்தோடு, ஓலி தூக்கிப் போட்ட நோயும் கூடவே வந்தது.

இனி கோணங்களுக்கு வருவோம். கடைகளில் தள்ளுகிற டிராலியின் முன்சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். அது சுழலும் ஊசிக்கு நேர் கீழே சக்கரம் இருக்காது, சற்றுப் பின்னால் இருக்கும். அதனால்தான் தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்கிறது. வேகமாகத் தள்ளினால் அதே சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். நேராக்கும் குணமும் உதறும் குணமும் ஒரே அமைப்புக்குள் இருக்கின்றன.

வண்டியில் இந்த வேலையைச் செய்வது காஸ்டர் கோணம். சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கு அச்சாக இருப்பது கிங் பின். அதன் தலை வண்டியின் பின்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் போய் விழும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் சக்கரத்தைப் பின்னால் இழுபட வைத்து நேராக்குகிறது. டிஃபெண்டருக்குத் தொழிற்சாலை வைத்த காஸ்டர் 3 பாகை. டயரின் ஆரத்தை 39 சென்டிமீட்டர் என்று கொண்டால் அந்தத் தூரம் வெறும் 20 மில்லிமீட்டர். இரண்டு டன் வண்டி நேராக ஓடுவதில் இந்த இரண்டு சென்டிமீட்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

வண்டியை உயர்த்தும்போது முதலில் பறிபோவது இதுதான். காயில் ஸ்பிரிங் வைத்த டிஃபெண்டரிலும் ஜிம்னியிலும் ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பவை இரண்டு நீண்ட கைகள். அவற்றின் ஒரு முனை ஆக்ஸிலில் இறுக்கமாகப் பூட்டியிருக்கும், மறு முனை பின்னால் சேசிஸில் கீல் போல மாட்டியிருக்கும். சேசிஸ் மேலே போனால் கையின் பின்முனையும் மேலே போகும். கை சாயும். அதோடு பூட்டிய ஆக்ஸிலும் சுழன்று கிங் பின்னின் தலை முன்னால் வரும். கையின் நீளம் 80 சென்டிமீட்டர், உயர்த்தியது 50 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுழற்சி மூன்றரைப் பாகைக்குச் சற்று மேல். தொழிற்சாலை கொடுத்தது மூன்று. ஆக, கையில் இருந்ததும் போய்க் கொஞ்சம் கடனும் ஏறிவிடுகிறது. இந்த நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் அது நடுவுக்கு வர மனமில்லாமல் இருக்கும். நேர்ச்சாலையில் வண்டி அலையும். ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய சுஸுகியில் கதை சற்று வேறு. அங்கே மலிவான வழி, ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் ஷேக்கிளை நீளமாக மாற்றுவது. முன் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கும் ஷேக்கிளை நீட்டினால் அந்த முனை மட்டும் கீழே தாழும். ஸ்பிரிங்கோடு ஆக்ஸிலும் மூக்கு குனியும், காஸ்டர் குறையும். செலவு குறைவு என்பதால் இது நம் பக்கம் அதிகம் நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வளைவு கூடிய நல்ல ஸ்பிரிங் போட்டால் ஆக்ஸில் ஏறக்குறைய நேராகவே இறங்கும். குறையும் மிச்சக் கோணத்தை ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்.

காஸ்டர் குறைந்ததுதான் உதறலுக்குக் காரணம், கூட்டிவிட்டால் போய்விடும் என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். அது பாதி உண்மை. குறைந்த காஸ்டரில் வண்டி அலையும். அளவுக்கு மீறிக் கூட்டினால், சிறு தட்டலுக்கும் டயர் ஸ்டியரிங்கின் மேல் செலுத்தும் நெம்புகோல் நீண்டு, உதறல் சில வண்டிகளில் கூடவே செய்யும். தொழிற்சாலை அளவுக்குத் திரும்புவதே குறி.

அடுத்தது பக்கவாட்டு. காயில் ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸில் இடம் வலமாக நழுவாமல் இருக்க, சேசிஸின் ஒரு பக்கத்தில் இருந்து ஆக்ஸிலின் மறு பக்கத்துக்கு ஒரு கம்பி ஓடும். பேன்ஹார்ட் ராட் என்பது அதுதான். அதற்கு ஏறக்குறைய இணையாக, ஸ்டியரிங் பெட்டியில் இருந்து சக்கரத்துக்குப் போவது டிராக் லிங்க். இரண்டு கம்பிகளும் ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் இருந்தால் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது இரண்டின் முனைகளும் ஒரே வட்டப்பாதையில் நகரும், சக்கரம் திரும்பாது. சாய்வு மாறினால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் ஓட்டுபவரைக் கேட்காமல் திரும்பும்.

எவ்வளவு திரும்பும்? 90 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி கிடைமட்டமாக இருக்கும்போது 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஆக்ஸில் பக்கவாட்டில் நகர்வது 1.4 மில்லிமீட்டர்தான். ஏற்கெனவே சாய்ந்திருப்பதை இன்னொரு 50 உயர்த்தினால் மேலும் 4 மில்லிமீட்டருக்கு மேல் நகரும். உயர்த்தும் அளவு இரண்டு மடங்கானால் வினை நாலு மடங்காகும் என்று தோராயமாகச் சொல்லலாம். இப்போது பட்டறையில் ஒரு கம்பியை மட்டும் பிராக்கெட் வைத்துக் கிடைமட்டமாக்கி, மற்றதை 100 மில்லிமீட்டர் சாய்வில் விட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 50 மில்லிமீட்டர் அமுங்கும்போது ஒரு கம்பியின் முனை 1.4 உள்ளே இழுபடும், மற்றது 4.2 வெளியே தள்ளும். வித்தியாசம் 5.6 மில்லிமீட்டர். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்டியரிங் கைக்கு அது 2 பாகைக்கு மேல். நெடுஞ்சாலை வேகத்தில் அது சின்னக் கோணம் அல்ல. பேன்ஹார்ட்டைத் திருத்தினால் டிராக் லிங்கையும் திருத்த வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் தொடாமல் விட்டுவிட வேண்டும். அரைகுறைத் திருத்தம்தான் மோசம்.

இதுவரை சொன்னவை உதறலைத் தூண்டும் காரணங்கள். தட்டிய ஒரு நொடியில் அடங்காமல் அது ஏன் வளர்கிறது? ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் தானே நின்றுவிட வேண்டும். இங்கே யாரோ தொடர்ந்து தள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். தள்ளுவது வண்டியின் ஓட்டமே. ப்ரூலியே கண்ட வழுக்கலில் ஒரு தாமதம் ஒளிந்திருக்கிறது. சக்கரம் திரும்பியவுடன் பக்கவாட்டு விசை உடனே முழுதாகக் கிடைக்காது. டயரின் ரப்பர் வளைந்து முறுக்கேற, அது கொஞ்ச தூரம் உருள வேண்டும். அந்தத் தூரத்தை அரை மீட்டர் என்று கொண்டால் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு நொடியின் 44-இல் ஒரு பங்கு. கேட்கச் சிறிது. ஆனால் சக்கரம் நொடிக்கு 9 முறை உதறினால் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரமே ஒரு நொடியின் 9-இல் ஒரு பங்கு. தாமதம் ஆட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. நேராக்க வேண்டிய விசை, சக்கரம் நடுவைத் தாண்டி மறுபுறம் போன பிறகும் தள்ளிக்கொண்டிருக்கும். அடக்க வந்த விசையே ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது.

ஒரே துண்டு ஆக்ஸிலில் இன்னொரு தீனியும் உண்டு. சுழலும் சக்கரம் ஒரு பம்பரம். அதன் அச்சைச் சாய்த்தால் அது செங்குத்தான வேறொரு திசையில் எதிர்வினை காட்டும். இடச்சக்கரம் கல்லில் ஏறினால் ஆக்ஸில் சாயும், இரண்டு சக்கரங்களும் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பும் அசைவு இடப்பக்கத்தைக் கீழே அழுத்தி வலப்பக்கத்தைத் தூக்கும். அது சக்கரங்களை இடப்பக்கம் திருப்பும். பெரிய டயரோடு ஒரு சக்கரத்துக்கு நான் போட்ட தோராயக் கணக்கு இது: 80 கிலோமீட்டர் வேகத்தில் 5 சென்டிமீட்டர் மேடு ஒரு நொடியின் 20-இல் ஒரு பங்கில் சக்கரத்தைத் தூக்கினால், எழும் முறுக்கு விசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். டயர் பெரிதாக, கனமாக இது கூடும். மோரிஸ் ஓலி ஆக்ஸிலைத் துண்டித்தது இந்தச் சங்கிலியை அறுப்பதற்காகவும்தான்.

இன்றைய ஹைலக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி. உங்கள் முன்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குபவை. இந்த வகை உதறல் உங்களுக்கு அரிது. ஆனால் உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டும் பால் ஜாயிண்டும் அளவு மீறி மடங்கிச் சீக்கிரம் தேயும்.

தோட்டத்து வண்டியைப் பற்றிப் பேசும்போது செம்மண்ணைச் சொல்லாமல் முடியாது. மழை நாளில் ரிம்மின் உட்பக்கத்தில் அப்பும் சேறு, காய்ந்ததும் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. 200 கிராம் மண் ரிம்மின் நடுவில் இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டியிருக்கிறது என்று கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 13 கிலோ எடைக்கு நிகரான விசையோடு நொடிக்கு 9 முறை சக்கரத்தை இழுக்கும். இந்த நடுக்கத்தையும் உதறலையும் ஒன்றாக எண்ணி ஸ்பிரிங்கை மாற்றியவர்கள் உண்டு. பிரித்தறிவது சுலபம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் குறைந்துவிடும் நடுக்கம் சக்கரத்தின் எடைக்கோளாறு. தண்ணீர்க் குழாயும் பிரஷும் போதும், மிஞ்சினால் வீல் பேலன்சிங். மேடோ பாலத்து இணைப்போ தட்டியபின் வெடித்துக் கிளம்பி, வேகம் குறையும்வரை நிற்காதது உதறல்.

உதறலோடு பட்டறைக்குப் போனால் வழக்கமாக நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணே, ஹைவேல எண்பது தொட்டா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது."

"டேம்பர் மாத்திப் பாத்தீங்களா தம்பி?"

"மாத்தியாச்சுண்ணே. ரெண்டு மாசம் சும்மா ஜம்முனு ஓடுச்சு. இப்ப மறுபடியும்."

"அப்ப நோவு டேம்பர்ல இல்ல. கீழ படுத்துப் பாக்கணும்."

அந்த அண்ணன் சரியாகச் சொல்கிறார். ஸ்டியரிங் டேம்பர் என்பது கிடைமட்டமாக மாட்டிய ஒரு சின்ன ஷாக் அப்சார்பர். ஆட்டத்தின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக்கும். புதிய ஜிம்னியில் தொழிற்சாலையே அதை வைத்துத் தருகிறது, கெட்ட பொருள் அல்ல. ஆனால் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து, ஆணி தளர்ந்து ஊறும் தீனியை அது தானே சுமக்க நேர்ந்தால் சீக்கிரமே சோர்ந்துவிடும். அதுவரை கோளாறு வெளியே தெரியாமல் வளரும். 2019-இல் ஜீப் கம்பெனியே தன் புதிய ரேங்ளர் வண்டிகளுக்கு, மேடு தட்டியபின் எழும் உதறலுக்காக வேறு டேம்பரை இலவசமாக மாட்டிக்கொடுத்தது. புதிய வண்டிக்கே அந்த நிலை என்றால், பத்து வருடம் செம்மண்ணில் புரண்டு, உயரமும் கூட்டிய வண்டிக்குச் சொல்ல வேண்டாம்.

கீழே படுத்து என்ன பார்ப்பது? வண்டியை ஜாக்கில் தூக்கக்கூடாது. சக்கரம் நான்கும் தரையில், எடை முழுதும் ஏறிய நிலையில்தான் தளர்ச்சி காட்டிக்கொடுக்கும். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, எஞ்சினை ஓட விட்டு, ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சற்றே, விடாமல் ஆட்ட வேண்டும். சக்கரம் முழுதாகத் திரும்ப வேண்டாம், டயர் தரையில் திமிறினால் போதும். கீழே படுத்தவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைக்க வேண்டும், பாதி விரல் ஒரு உறுப்பிலும் பாதி மற்றதிலுமாக. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் நழுவலும் விரலுக்குத் தெரியும். டிராக் லிங்க், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள், ஸ்டியரிங் பெட்டியைச் சேசிஸில் பிடிக்கும் ஆணிகள் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். பேன்ஹார்ட் ராடின் இரு முனைகளில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். புஷ் நன்றாக இருந்தும் ஆணி சத்தமில்லாமல் நகர்ந்தால், பிராக்கெட்டின் துளை நீள்வட்டமாகிவிட்டது என்று பொருள். எவ்வளவு முறுக்கினாலும் அந்த ஆணி நிற்காது. துளையை வெல்டிங் செய்து அடைத்து மறுபடி துளைக்க வேண்டும்.

சுஸுகியில் கிங் பின் பேரிங்கையும் சந்தேகப்படுங்கள். முன்சக்கர மூட்டின் சீல் கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அந்த பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை, நேராக ஓடும்போது ஒரே இடத்தில் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். அங்கேயே குழி விழும். பழையதைக் கழற்றி விரலால் தடவினால் பள்ளம் வரிசையாகத் தெரியும். புதிதாக மாட்டும்போது ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சற்று இறுக்கத்தோடு மாட்ட வேண்டும். அந்த இறுக்கம் தரும் உராய்வே உதறலுக்கு ஒரு தடை. எளிதாகத் திரும்பட்டும் என்று லூசாக விடுவது நல்லெண்ணம்தான், ஆனால் தவறு.

புஷ் விஷயத்தில் ஒரு சொந்த அபிப்பிராயம். கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாக விற்கும் பாலியூரித்தேன் புஷ் கெட்டியானது, எண்ணெய்க்கு அஞ்சாது. ஆனால் ஆக்ஸில் கோணலாக மடங்க வேண்டிய தோட்டச் சாலையில் அது விட்டுக்கொடுக்காது, சுமையைப் பிராக்கெட்டின் மேல் ஏற்றும். தோட்டத்து வண்டிக்கு நல்ல இயற்கை ரப்பர் புஷ்ஷே பொருத்தம் என்பேன். திரும்பத் திரும்ப வளைந்தாலும் கிழியாத குணமும், அதிர்வை உள்ளேயே வெப்பமாக்கித் தின்னும் குணமும் அதற்கு உண்டு. மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிக் கழகம் இந்த இரண்டாவது குணத்தை மெருகேற்றி உருவாக்கிய ரப்பர்ப் பட்டைகளின் மேல்தான், 1985-இல் கலிஃபோர்னியாவின் ரான்சோ குக்கமோங்காவில் பூகம்பத்தைத் தாங்கும் நீதிமன்றக் கட்டடம் ஒன்று எழுந்தது. பால் மரம் வெட்டிய கைகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா, தெரியவில்லை. ரப்பருக்கு எதிரி எண்ணெய். எஞ்சின் ஒழுக்கு புஷ்ஷின் மேல் சொட்டினால் அது ஊறி உப்பிவிடும். முதலில் ஒழுக்கை நிறுத்திவிட்டுத்தான் புஷ்ஷை மாற்ற வேண்டும்.

புஷ் மாட்டும்போது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை. வண்டி தூக்கியில் தொங்க, சக்கரம் அந்தரத்தில் ஆட, ஆணியை முழுதாக முறுக்கிவிடுவார்கள். வண்டியை இறக்கியதும் கை மேலே போகும், ரப்பர் பிறந்ததிலிருந்தே முறுக்கிய நிலையில் கிடக்கும். அப்படி மாட்டியது சீக்கிரம் கிழியும். ஆணிகளைத் தளர்வாகப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு முறை அமுக்கி விட்டுவிட்டு, அதன் பிறகுதான் கடைசி முறுக்கு.

சரி, எவ்வளவு உயர்த்தலாம்? தோட்டத்துக்குள் வேலைக்கும், வாரம் ஒருமுறை சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ஓடும் வண்டிக்கு 40 மில்லிமீட்டர் போதும், 50 உச்சம். அந்த அளவுக்குள் காஸ்டரைத் துளை தள்ளி வார்த்த புஷ்ஷாலோ, கோணம் திருத்திச் செய்த கையாலோ மீட்டுவிடலாம். இரண்டில் கைதான் நீடிக்கும், விலையும் கூட. பேன்ஹார்ட்டும் டிராக் லிங்கும் இணையாகவே சாய்ந்திருந்தால், நீளம் திருத்தும் பேன்ஹார்ட் ஒன்றைப் போட்டு ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவந்து, டிராக் லிங்கின் நீளத்தால் ஸ்டியரிங்கை நேராக்கினால் போதும். 75, 100 என்று போனால் டிரைவ் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் கை என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் வண்டியின் புவியீர்ப்பு மையமும் ஏறிவிடும். சாய்ந்த தடத்தில் ஓடும் குறுகிய சுஸுகிக்கு அது உதறலைவிடப் பெரிய ஆபத்து. மழைக்கால மேட்டைத் தாண்ட, டிராக்டர் தடத்தை மாதம் ஒருமுறை கிரேடர் விட்டுச் சமப்படுத்துவது எந்த ஸ்பிரிங்கையும்விடப் பயன் தரும். ஆனால் அந்த முடிவு வண்டி ஓட்டுகிறவர் கையில் இல்லை.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தோட்டத்தின் உள்சாலையில் எப்படியோ, பொதுச்சாலைக்கு வந்துவிட்டால் 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வரும். வண்டியின் அமைப்பை மாற்ற, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும். விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனமும் முதலில் கேட்பது இதைத்தான்.

ஓடும்போது உதறல் கிளம்பிவிட்டால் பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள். எடை முன்பக்கம் பாய்ந்து ஆட்டத்தைக் கூட்டும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் பிடித்து, பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். அடங்கிவிட்டது என்று அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போகவும் வேண்டாம். ஒவ்வொரு உதறலும் ஆணித் துளையை இன்னும் கொஞ்சம் தின்றிருக்கும்.

கடைசியாக ஒன்று. உயர்த்திய வண்டியை அலைன்மெண்ட் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் சக்கரங்களின் உள்நோக்கு வெளிநோக்கு அளவை மட்டும் திருத்திப் பணம் வாங்கிவிடுவார்கள். ஒரே துண்டு ஆக்ஸிலில் காஸ்டரைத் திருத்த அவர்களிடம் ஸ்குரூ கிடையாது. ஆனால் அளக்க இயந்திரம் உண்டு. உயர்த்துவதற்கு முன் ஒருமுறை, உயர்த்தியபின் ஒருமுறை காஸ்டரை அளந்து தாளில் அச்சிட்டு வாங்குங்கள். இரண்டு தாளும் ஒத்துப்போகும்வரை பட்டறைக்காரருக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.